நல்ல நரம்பை ஏன் வெட்டுகிறார்கள்?

நம் காலத்தில் கபடியில் முழங்கால் பிசகினால் நேராகப் புத்தூர்க் கட்டுதான். மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் பூசி இறுகக் கட்டி அனுப்புவார்கள். சில வாரத்தில் வீக்கம் வடிந்து பையன் எழுந்து நடப்பான். நேராக நடக்கும்வரை ஒன்றும் தெரியாது. மறுபடி கோட்டுக்குள் இறங்கி, பாடிக்கொண்டே சட்டென்று திரும்பினால் கால் வாரிவிடும். "அவனுக்குக் கால் பலம் போயிடுச்சிப்பா" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வோம். விரிஞ்சிபுரத்தில் பாலாற்று மணலில் ஆடிய எங்கள் செட்டிலேயே இப்படி இரண்டு பேர் ஒதுங்கினார்கள். அவர்கள் முழங்காலுக்குள் என்ன அறுந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இன்று அதற்குப் பெயர் இருக்கிறது. "ஜவ்வு கிழிஞ்சிபோச்சு" என்கிறார்கள். படித்த பிள்ளைகள் "ஏ.சி.எல். டியர்" என்கிறார்கள். ஸ்கேன் எடுக்கிறார்கள், துளை போட்டு ஆபரேஷன் செய்கிறார்கள். ரிஷப் பந்த் புண்ணியத்தில் வீட்டில் டி.வி. பார்க்கும் பாட்டிக்குக்கூட இது தெரிந்துவிட்டது. 2022 டிசம்பர் 30 அன்று ரூர்க்கி அருகே கார் விபத்தில் அவருடைய வலது முழங்கால் ஜவ்வுகள் கிழிந்தன. 2023 ஜனவரியில் மும்பையில் ஆபரேஷன். திரும்ப மட்டையோடு மைதானத்துக்கு வந்தது 2024 மார்ச்சில்.

போன தை மாதம் என் தங்கையின் பேரனுக்கும் இதே கதி. இருபத்திரண்டு வயது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்‌ஷனில் வேலை. பொங்கல் கபடியில் விழுந்தவனை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். டாக்டர் பேப்பரில் படம் வரைந்து, கிழிந்ததைத் தைத்துப் பிரயோஜனமில்லை, தொடைக்குப் பின்னால் இருக்கும் நரம்பில் கொஞ்சம் எடுத்துப் புதிதாக ஒன்று செய்து வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தங்கை எனக்குப் போன் செய்தாள்.

"இன்னாண்ணா நியாயம் இது? கெட்டுப்போனத சரி பண்ண, நல்லா இருக்கற நரம்ப அறுப்பாங்களா?"

நியாயமான கேள்வி. அன்று போனில் சுருக்கமாகப் பதில் சொன்னேன். முழுப் பதில் கொஞ்சம் நீளம். அதில் பாதி நம் வேலூரிலேயே, நான் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஜனங்களுக்கு உடம்புக்குள் நூல் மாதிரி எது இருந்தாலும் நரம்புதான். உண்மையில் மூன்று தனித்தனிச் சரக்குகள் உள்ளன. மூளையிலிருந்து சேதி கொண்டுபோவது நரம்பு. எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டுவது தசைநார், அதைத்தான் ஜவ்வு என்கிறோம். தசையை எலும்போடு இணைத்து இழுக்கும் கயிறு தசைநாண். நாற்காலியில் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தரையில் அழுத்திப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, முழங்காலுக்குப் பின்னால் உள்பக்கம் விரலை வைத்துப் பாருங்கள். கயிறு விறைத்து நிற்பது தெரியும். அது தசைநாண். டாக்டர் எடுக்கப் போவது அந்தப் பக்கத்துச் சரக்கைத்தான்.

ஏ.சி.எல். என்பது முழங்கால் மூட்டுக்கு நடுவே எக்ஸ் எழுத்து மாதிரி ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் இரண்டு ஜவ்வுகளில் முன்னால் இருப்பது. நீளம் 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கெண்டைக்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. மூட்டுக்கு வெளிப்பக்கம் இருக்கும் ஜவ்வு கிழிந்தால் பல சமயம் தானே ஆறிவிடும். அறுந்த இடத்தில் ரத்தம் கட்டும், அந்தக் கட்டி பாலம் போட்டது போல இரண்டு முனையையும் சேர்க்கும். ஆனால் இந்த ஜவ்வு மூட்டின் நீருக்குள் கிடக்கிறது. ரத்தம் அங்கே நின்று கட்டுவதில்லை. முனைகள் பிரிந்தே தொங்கும்.

தைத்துப் பார்க்காமல் விட்டார்களா என்றால் இல்லை. 1895-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் மேயோ ராப்சன் என்ற சர்ஜன், மண் சரிந்து கால் கெட்டுப்போன ஒரு சுரங்கத் தொழிலாளியின் இரண்டு ஜவ்வுகளையும் ஆட்டுக்குடல் நூலால் தைத்தார். அந்த ஆள் பிறகு நொண்டாமல் நடந்து வேலைக்கும் போனார் என்று எழுதி வைத்திருக்கிறார். ஆனால் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1917-ல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரிஸ்டல் நகரத்து ஹே க்ரோவ்ஸ் வேறு வழி பிடித்தார். தொடையின் வெளிப்பக்கத்துப் பட்டை நாரில் ஒரு கீற்றை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, பழைய ஜவ்வு இருந்த அதே பாதையில் கோத்துவிட்டார். எலும்பில் துளை போட்டு உள்ளே கோப்பது என்ற அந்த யோசனை நூறு வருஷம் தாண்டியும் மாறவில்லை. எதைக் கோப்பது என்பதுதான் மாறிக்கொண்டே வந்தது. 1934-ல் இத்தாலியில் கலியாட்சி தொடைப் பின்புறத் தசைநாணை எடுத்தார். 1963-ல் அமெரிக்காவில் கென்னத் ஜோன்ஸ் முழங்கால் சிப்பிக்குக் கீழே இருக்கும் நாரின் நடுப்பாகத்தை எடுத்தார். இன்றும் இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள்.

"உடம்பிலிருந்து எடுப்பானேன், நைலான் மாதிரி ஏதாவது வைத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். அதையும் செய்தார்கள். 1980-ல் இங்கிலாந்தில் டேவிட் டாண்டி முதன்முதலாக டெலஸ்கோப் கருவியை விட்டு, மூட்டைத் திறக்காமலே ஏ.சி.எல். மாற்றினார். அவர் கோத்தது கார்பன் இழை. கருவி நிலைத்தது, இழை நிலைக்கவில்லை. அந்தக் காலத்தில் வந்த செயற்கை ஜவ்வுகள் பலவும் சில ஆண்டுகளில் தேய்ந்தன, அறுந்தன, உதிர்ந்த துகளால் மூட்டு வீங்கியது. உயிரில்லாத கயிறு தேயும், தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது. உயிருள்ள நார் புதுப்பித்துக்கொள்ளும்.

இந்த நாரைப் பற்றி, தோல் தொழிலில் 34 வருஷம் இருந்தவன் என்ற உரிமையில் நான் ஒன்று சொல்லலாம். ஊறல் குழியில் ஆரம்பித்து ஃபினிஷிங் வரை, நாங்கள் தொட்டதெல்லாம் ஒரே பொருள்தான். கொலாஜன். முடியையும் கொழுப்பையும் நீக்கி, ஆவாரம்பட்டையோ குரோமோ ஏற்றி, அழுகாமல் நிறுத்தி வைத்த கொலாஜனுக்குப் பெயர்தான் லெதர். தசைநாணும் ஜவ்வும் அதே கொலாஜன். தோலில் அது பாய் பின்னியது போல எல்லாத் திசையிலும் ஓடும். தசைநாணில் ஒரே திசையில், கட்டிவைத்த வைக்கோல்பிரி போல ஓடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தக் கொலாஜனின் உள்கட்டை உலகுக்குச் சொன்னது நம் சென்னை என்பது பலருக்குத் தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஜி.என். ராமச்சந்திரன் 1952-ல் இயற்பியல் துறைத் தலைவராக வந்தார், அப்போது வயது முப்பதுதான். அவரும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்த்து, கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரிக் கயிறு என்று 1954-லும் 1955-லும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நல்ல படம் கிடைக்க நல்ல சரக்கு வேண்டுமே. கங்காரு வால் தசைநாண் அவர்களுக்குக் கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. நம் டேனரிக்காரர்கள் சாம்பிள் எடுத்துக்கொண்டு போய்க் காத்திருந்த அதே சி.எல்.ஆர்.ஐ.! கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அற்பப் பெருமை.

அந்த நிலையம் தொடங்கியது 1948. அதே வருஷம் வேலூரில் இன்னொரு காரியம் நடந்தது. தங்கையின் கேள்விக்கு நேரான பதில் அதில் இருக்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கார்த்திகைக் கடை ஞாயிறு அன்று மார்க்கபந்தீஸ்வரர் கோவில் மதிலோரம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மதிலழகைப் பார்க்க வந்தவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் போவார்கள். தட்டை நீட்டும் கை விரல்கள் கொக்கி போல உள்ளே வளைந்திருக்கும். சில கைகளில் விரல்களே இருக்காது. நம் வட ஆற்காடு ஜில்லாவில் அப்போது தொழுநோய் அதிகம். சிறுவனாக இருந்தபோது, அந்த நோயில் சதை அழுகி விரல் உதிர்ந்துவிடும் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். டாக்டர்களும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள்.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பாதிரியார் வீட்டுப் பிள்ளை. ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்து போனார். பள்ளி முடித்ததும் டாக்டருக்குப் படிக்கவில்லை, தச்சு வேலையும் கொத்து வேலையும் சில வருஷம் முறையாகப் பழகினார். அதற்கப்புறம்தான் மருத்துவம். 1946-ல் சி.எம்.சி.க்கு சர்ஜனாக வந்து சேர்ந்தார். 1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் விடுதிக்கு, தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேனோடு போனார். டாப்ஸோன் மருந்து அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. கிருமியைக் கொல்ல வழி கிடைத்துவிட்டது, ஆனால் வளைந்த கை வளைந்தபடியே இருந்தது. பிராண்ட் ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி இரும்புப் பிடி! நகம் சதையில் இறங்கி வலி தாங்கவில்லை. அந்த மனிதருக்கோ தாம் இவ்வளவு பலமாகப் பிடிக்கிறோம் என்பதே தெரியவில்லை.

வேறொருவராக இருந்தால் கையை உதறிக்கொண்டு போயிருப்பார். தச்சு வேலை தெரிந்த சர்ஜனுக்கு அதில் கணக்குப் புரிந்தது. கை செத்துப்போகவில்லை. முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் நன்றாகவே இருக்கின்றன. உள்ளங்கையில் இருக்கும் குட்டித் தசைகளுக்குப் போகும் நரம்பு மட்டும் கெட்டிருக்கிறது. அதனால்தான் விரல் கொக்கியாகிறது. அப்படியானால் நன்றாக இருக்கும் தசையின் கயிறு ஒன்றை அவிழ்த்து, வேலை நின்றுபோன இடத்தில் கட்டினால் என்ன?

இங்கேதான் 'உதிரி' என்ற கணக்கு வருகிறது. ஒவ்வொரு விரலையும் மடக்க உடம்பு இரண்டு கயிறுகள் வைத்திருக்கிறது, மேலே ஒன்று, ஆழத்தில் ஒன்று. ஆழத்தில் இருப்பது ஒன்றே விரலை மடக்கிவிடும். மேலே இருப்பதை எடுக்கலாம். கட்டைவண்டிக்கு அச்சாணி ஒன்றுதான், அதை எடுத்தால் வண்டி கவிழும். ஆனால் பாரத்தைக் கட்டிய கயிற்றில் இரண்டு சுற்று இருந்தால் ஒரு சுற்றை எடுக்கலாம். எது அச்சாணி, எது இரண்டாம் சுற்று என்று தெரிந்து எடுப்பதுதான் வித்தை. போரில் கை கெட்ட சிப்பாய்களுக்கு மேல்நாட்டு சர்ஜன்கள் இதைச் செய்து வந்தார்கள். தொழுநோயாளியின் கையில் அதை ஒரு முறையாகவே நிலைநாட்டியது வேலூர். பொது ஆஸ்பத்திரிகள் தொழுநோயாளியை உள்ளே படுக்கவைக்கத் தயங்கிய காலம் அது. 1948-ல் பிராண்ட் முதல் கையில் கத்தி வைத்தார்.

முதல் முறையில் சில விரல்கள் எதிர்ப்பக்கமாக அதிகம் நீண்டு வளைந்தன. அதனால் பிராண்ட் கயிறை மாற்றினார். மணிக்கட்டைத் தூக்க இருக்கும் தசைகளில் ஒன்றை உதிரியாக எடுத்தார். அதன் நீளம் விரல்வரை எட்டாது. ஒட்டுப்போட வேறு நார் வேண்டும். அதற்கு அவர் போனது காலுக்கு! முழங்காலுக்குப் பின்னால் தொடங்கிக் குதிகால்வரை போகும் பிளான்டாரிஸ் என்று ஒரு தசைநாண் உண்டு, மெல்லிசு, ரொம்ப நீளம். அதை எடுத்தால் நடைக்கு ஒரு குறையும் வராது. சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது. பிரேதம் அறுத்துப் படிக்கும் முதல் வருஷ மாணவர்கள் அதைப் பார்த்து நரம்பு என்று ஏமாந்துபோவது வழக்கமாம். ஆக, நம்மைப் போலத்தான் அவர்களும். அந்த நாரை உருவி, நான்காகக் கீறி, நான்கு விரலுக்கும் ஒவ்வொரு வால் போகும்படி கட்டினார்.

முழங்கால் பின்புறத்து நார் அன்று வேலூரில் விரலுக்குப் போயிற்று. இன்று தொடைப் பின்புறத்து நார் முழங்காலுக்கு உள்ளே போகிறது. கணக்கு ஒன்றுதான். தொடைக்குப் பின்னால் முழங்காலை மடக்கப் பல தசைகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டின் நாண்களை எடுத்து, இரண்டாக மடித்து நான்கு புரியாக்கிக் கோக்கிறார்கள். மடக்கும் பலத்தில் கொஞ்சம் குறையும், மற்ற தசைகள் ஈடுகட்டும். பலருக்கு எடுத்த இடத்தில் நார் ஓரளவு திரும்ப வளர்கிறது என்பதையும் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். கோக்குமுன் அதைப் பலகையில் பூட்டி இழுத்து வைப்பார்கள், பிற்பாடு தளராமல் இருக்க. இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். ஈரத் தோலைச் சட்டத்தில் கிளிப் போட்டு இழுத்துக் கட்டுவது எங்கள் தினப்படி வேலை. இழுக்காமல் காயவிட்ட தோலில் ஷூ தைத்தால் ஒரு மாதத்தில் அகன்றுவிடும்.

நிற்க. கயிறு மாற்றிக் கட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதியை வேலூர் கற்றுக்கொண்ட கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மாவுக்கட்டைப் பிரித்ததும் நோயாளி விரலை நீட்டப் பார்ப்பார். நீளாது. மூளைக்குச் சேதி போய்ச் சேரவில்லை. அந்தத் தசை இத்தனை வருஷம் மணிக்கட்டைத் தூக்கிய தசை, அதற்கு அந்தப் பாஷைதான் தெரியும். "மணிக்கட்டைத் தூக்குவதாக நினைத்துக்கொள்" என்று சொன்னால் விரல் அசையும். இப்படி வாரக்கணக்கில் பழக்கி, பழக்கி, பிறகுதான் கை கையாகும். இந்தப் பயிற்சிக்கென்றே ஆட்களைத் தயார் செய்தார்கள்.

கை சரியானவர்கள் வீட்டுக்குப் போய்ச் சில மாதத்தில் திரும்பி வந்தார்கள், முறையீட்டோடு. வளைந்த கையைக் காட்டியபோது விழுந்த காசு, நேரான கைக்கு விழவில்லை. வேலை கொடுக்கவோ ஒருவரும் தயாரில்லை. அதன் பிறகுதான் 1950-களின் தொடக்கத்தில் பாகாயத்தில் நவஜீவ நிலையம் வந்தது. குடிசைகள், ஒரு பட்டறை. பிராண்ட் பழைய தச்சர் அல்லவா, மரப்பொம்மை, புதிர்ப்பலகை செய்யத் தாமே சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பட்டறையில்தான் பெரிய விஷயம் ஒன்று பிடிபட்டது. சரியாக்கிய கைகளில் புதுப்புதுக் காயங்கள் வந்துகொண்டே இருந்தன. எங்கிருந்து வருகின்றன என்று ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தார்கள். சுத்தியல் பிடியில் சிராய் இருந்தது, சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியிருந்தார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று பிராண்டுக்குத் திறக்கவில்லை. ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரலில் எலும்பு தெரியும் அளவு வெட்டு. அவனுக்குத் தெரியவே இல்லை. சிலருக்கு ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. காவலிருந்து பார்த்தபோது எலி கடித்துக்கொண்டிருந்தது, தூங்குபவர் அசையவில்லை. அதற்கப்புறம் வீட்டுக்குப் போகிறவர்களோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள்.

சதை தானாக அழுகவில்லை. வலி இல்லாததால் காயம் தெரியவில்லை, தெரியாததால் ஓய்வு கொடுக்கவில்லை, ஓய்வில்லாததால் ஆறவில்லை. தினமும் மாலையில் கையையும் காலையும் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். வலி செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்தது.

இது முழங்காலுக்கு எப்படிப் பொருந்தும் என்கிறீர்களா? ஆபரேஷன் ஆன இரண்டாம் மாதம் தங்கை பேரன் என்னிடம் வந்து, "வலியே இல்ல தாத்தா, பைக் ஓட்றேன், பிசியோவுக்குப் போனா அரை நாள் கூலி போவுது" என்றான். காண்ட்ராக்ட் வேலை, உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டால் கிடைக்காது. அவன் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் உள்ளே நடப்பது வேறு. எடுத்து வைத்த நாருக்கு முதலில் ரத்த ஓட்டமே கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகப் புது ரத்தக்குழாய்கள் உள்ளே புகுந்து, பழைய இழையைக் கரைத்துப் புதிய இழை போடுகின்றன. ஓடு மாற்றும் வீட்டில் பழைய ஓட்டை இறக்கிப் புது ஓடு ஏற்றாமல் இருக்கும் நாள் ஒன்று உண்டே, அது மாதிரி. அந்த இடைக்காலத்தில், இரண்டு மூன்று மாதம் வாக்கில், நார் வைத்த அன்று இருந்த பலம்கூட அதற்கு இருக்காது. வலியும் வீக்கமும் போய்விடுவது சரியாக அந்தச் சமயத்தில்தான். தொடைத் தசையோ சூம்பிப் போயிருக்கும். அதனால்தான் விளையாட்டுக்குத் திரும்ப குறைந்தது ஒன்பது மாதம் என்கிறார்கள். பந்துக்கு, உலகத்து வசதியெல்லாம் இருந்தும், பதினைந்து மாதம் ஆயிற்று. இதையெல்லாம் அவனை உட்காரவைத்துச் சொன்னேன். பூட்டுத் திறந்த சிறுவன் கதைதான் அவனுக்கு உறைத்தது. ஞாயிறு பிசியோ கிடைக்கும் இடம் ஒன்றைத் தேடிப் பிடித்தோம்.

கையிலிருந்து காலுக்கு வருவோம். வலி தெரியாத பாதத்தில் ஆணி குத்தினாலும் தெரியாது. 1955-ல் காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி விடுதி வந்தது. பிராண்டும் அங்கிருந்தவர்களும் செருப்பில் இறங்கினார்கள். எங்கள் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் கவனமாகப் படித்தேன். மேலே மிருதுவான, காற்றறை ரப்பர். கீழே அழுத்தமான அடி. வாரில் கொக்கி சதையில் படக் கூடாது. முக்கியமாக, ஆணி அடிக்கவே கூடாது, ஒட்டியோ தைத்தோதான் சேர்க்க வேண்டும். மிருது ரப்பர் பாதத்தின் பாரத்தை ஒரே இடத்தில் குத்தாமல் பரப்பிவிடும். இன்று சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று எழுதிக்கொடுக்கிறார்களே, நம்மில் பாதிப் பேர் காலில் கிடக்கிறதே, அது இந்தக் குடும்பத்துச் சரக்குதான். ஒரு காலத்தில் அந்தக் கறுப்புச் செருப்பைப் பார்த்தாலே இன்ன நோய் என்று தெரிந்துகொண்டு ஜனங்கள் விலகுவார்கள். செருப்பைக் கழற்றி மறைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தவர்களும் உண்டு. புண் திரும்பி வரும்.

பிராண்டின் பட்டறையில் உருவானவர்களில் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. கேரளத்துக்காரர், டாக்டர் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின. வயது இருபத்தெட்டோ இருபத்தொன்பதோ. கை ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று யோசனை சொன்னவர் பிராண்ட். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் கயிறு மாற்றும் ஆபரேஷன்களைச் செய்தார். தம் உடம்பிலேயே நடக்கும் கயிறு இல்லாத ஒருவர், மற்றவர் விரல்களுக்குக் கயிறு கட்டினார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. முதுகுத்தண்டு முறிந்தவர்கள் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு ஏறுவதிலிருந்து பழக்குகிற இடம். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதே 1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்ற செருப்புக் கணக்கை அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் போட்டுப் பார்த்தார். 2003-ல் காலமானார்.

நவஜீவ நிலையத்து மரப்பொம்மைகள் விற்பனைக்கு வந்ததாகப் படித்திருக்கிறேன். நம் வாசகர்களில் வேலூர், சத்துவாச்சாரி, பாகாயம் பக்கத்துப் பழையவர்கள் இருக்கிறீர்கள். யார் வீட்டுப் பரணிலாவது அந்தப் பொம்மையோ புதிர்ப்பலகையோ கிடந்தால் தெரிவியுங்கள், வந்து ஒரு தரம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போகிறேன்.